தீவுப் பறவைகள்: அழிவின் கணக்கும் மீட்பின் விலையும்

உலகில் இன்று ஏறத்தாழ 11,000 பறவை இனங்கள் வாழ்வதாக அறிவியலார் கணக்கிட்டுள்ளனர். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை கண்டங்களில் வாழ்கின்றன. தீவுகளை மட்டுமே நம்பி வாழ்பவை சிறுபான்மையே. ஆனால் அழிவின் கணக்கு இதற்கு நேர்மாறாக உள்ளது. கி.பி. 1500ஆம் ஆண்டுக்குப் பின்னர் உலகிலிருந்து அடியோடு மறைந்துபோன பறவை இனங்களில் பத்தில் ஒன்பது பங்கு தீவுகளில் வாழ்ந்தவை. சிறுபான்மையாக உள்ள ஒரு பிரிவு இழப்பின் பெரும்பகுதியைத் தாங்கியிருப்பது தற்செயலன்று. அதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. அக்காரணங்களை அறிந்துகொள்வது, நூற்றுக்கணக்கான தீவுகளைத் தன்னகத்தே கொண்ட இந்தியா போன்ற நாட்டுக்கு மிகவும் இன்றியமையாததாகும்.

கழுகு, பருந்து, வல்லூறு, ஆந்தை முதலிய இரைகொல்லிப் பறவைகளின் நிலை இதில் தனிக் கவனத்துக்கு உரியது. தீவில் வாழ்வதால் வரும் ஆபத்து, உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பதால் வரும் ஆபத்து ஆகிய இரண்டையும் அவை ஒருங்கே சுமக்கின்றன.

தீவு வாழ்வின் இயல்பு

பெருங்கடலின் நடுவே அமைந்த தீவுகளுக்கு, வௌவால் நீங்கலாகப் பாலூட்டிகள் தாமாகச் சென்றடைவது அரிது. எலி, பூனை, கீரி, நாய் போன்ற விலங்குகள் இல்லாத சூழலில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த பறவைகள், அவற்றிடமிருந்து தப்பும் பழக்கங்களை வளர்த்துக்கொள்ளவில்லை. சில இனங்கள் தரையிலேயே கூடு கட்டின. சில பறக்கும் ஆற்றலையே இழந்தன. பல இனங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முட்டைகள் மட்டுமே இட்டன. எதிரிகள் இல்லாத இடத்தில் இவை குறைபாடுகள் அல்ல. சிக்கனமான வாழ்க்கை முறை எனலாம். மனிதரும் அவருடன் வந்த விலங்குகளும் கரையிறங்கிய பின்னரே இவை குறைபாடுகளாயின.

மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த டோடோ இதற்கு யாவரும் அறிந்த சான்றாகும். குடியேற்றம் ஏதுமின்றி இருந்த அத்தீவில் 1598ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் இறங்கினர். கப்பல்களுடன் எலிகளும் பன்றிகளும் குரங்குகளும் வந்து சேர்ந்தன. பறக்க இயலாத டோடோவை உயிருடன் கண்டதாக உறுதியாக ஏற்கப்படும் கடைசிக் குறிப்பு 1662ஆம் ஆண்டுக்கு உரியது. ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளில் ஓர் இனத்தின் வரலாறு முடிந்துவிட்டது. மாலுமிகள் அதனை வேட்டையாடியது உண்மையே. ஆயினும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்த அயல் விலங்குகளின் பங்கு அதனினும் பெரிதாக இருந்திருக்கலாம் என அறிஞர்கள் கருதுகின்றனர்.

சிறிய எண்ணிக்கை என்பதும் தனியானதோர் ஆபத்தாகும். பரந்த கண்டத்தில் ஒரு பகுதியில் ஓர் இனம் குறைந்தாலும், வேறு பகுதியிலிருந்து பறவைகள் வந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. தீவில் இவ்வாறு நிரப்புவதற்கு இருப்பு இல்லை. மொத்தம் பத்துப் பறவைகளே எஞ்சியிருக்கும்போது, ஒரு புயலோ, ஒரு நோயோ, ஓராண்டில் பிறந்த குஞ்சுகள் அனைத்தும் சேவலாகவே அமைந்துவிடுவதோ போதும். பதினாயிரம் பறவைகளுக்கு இவை சிறு நிகழ்ச்சிகள்; பத்துப் பறவைகளுக்கு இவை முடிவுரை.

இரைகொல்லிகளின் தனி நிலை

இரைகொல்லிப் பறவைகள் எங்கும் எண்ணிக்கையில் குறைந்தவையே. ஒரு பாம்பையோ பல்லியையோ வளர்ப்பதற்கு எவ்வளவோ பூச்சிகளும் தாவரங்களும் தேவைப்படுகின்றன. ஓர் இணைக் கழுகுகளை வளர்ப்பதற்கு அத்தகைய இரை ஏராளமாகத் தேவைப்படுகிறது. ஆகவே ஒவ்வோர் இணையும் பரந்த நிலப்பரப்பைத் தன் ஆட்சியில் வைத்துக்கொள்கிறது. தீவின் பரப்பு சிறியதாயின், அங்கு வாழக்கூடிய இணைகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பச் சுருங்கிவிடுகிறது.

அவை இனம் பெருக்கும் வேகமும் குறைவு. பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன், சமார், லெய்ட்டி, மிண்டனாவோ ஆகிய தீவுகளில் மட்டும் வாழும் பிலிப்பைன்ஸ் கழுகு உலகின் மிகப் பெரிய கழுகுகளுள் ஒன்று. 1995ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட இது, பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு முட்டையிட்டு, ஒரு குஞ்சை வளர்க்கிறது. ஏறத்தாழ 400 இணைகள் மட்டுமே எஞ்சியுள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இத்தகைய இனத்தில் சுட்டுக் கொல்லப்படும் ஒவ்வொரு பறவையும் பல ஆண்டுகளின் பிறப்பை ஈடழித்துவிடுகிறது.

இரை மறைந்தால் இரைகொல்லியும் மறையும். நியூசிலாந்தின் தென் தீவில் வாழ்ந்த ஹாஸ்ட் கழுகு, அறியப்பட்ட கழுகுகள் அனைத்திலும் பெரியது. பெட்டைக் கழுகு 15 கிலோகிராம் வரை எடை கொண்டிருந்ததாக எலும்புகளைக்கொண்டு கணித்துள்ளனர். மோவா என்னும் பறக்காத பெரும் பறவைகளே அதன் முக்கிய இரையாகும். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலினீசிய மக்கள் அங்குக் குடியேறினர். அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குள் மோவாக்கள் வேட்டையாடப்பட்டு அழிந்தன. அவற்றை நம்பியிருந்த கழுகும் அழிந்தது.

மனிதரின் பகைமையும் இரைகொல்லிகளுக்கு எதிராகவே அமைகிறது. மெக்சிகோவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள குவாடலூப் தீவில் காராகாரா என்னும் பருந்து இனம் ஒன்று வாழ்ந்தது. ஆட்டுக்குட்டிகளைக் கொல்வதாகக் கூறி ஆட்டு மந்தைக்காரர்கள் அதனை நஞ்சிட்டும் சுட்டும் ஒழித்தனர். 1900ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் அங்கு வந்த ரோலோ பெக் என்னும் பறவை சேகரிப்பாளர், தம்மை நோக்கிப் பறந்து வந்த பதினொரு பறவைகளில் ஒன்பதைச் சுட்டு அருங்காட்சியகச் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்டார். அவை எளிதில் தென்பட்டமையால் இனம் ஏராளமாக உள்ளது என அவர் எண்ணினார். எஞ்சியிருந்தவை ஏறக்குறைய அவ்வளவே என்பது பின்னரே தெரியவந்தது. எண்ணிப் பாராமல் மதிப்பிடுவதன் விளைவுக்கு இதனினும் கொடிய சான்று காண்பது அரிது.

நான்கு பறவைகளிலிருந்து மீட்பு

இழப்பின் வரலாறாகவே இது முடிந்துவிடவில்லை. டோடோவை இழந்த அதே மொரீஷியஸ் தீவில், மீட்பு முயற்சிக்கும் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு.

மொரீஷியஸ் வல்லூறு, கெஸ்ட்ரல் வகையைச் சேர்ந்த சிறிய இரைகொல்லி. காட்டு மரங்களின் இடையே விரைந்து பறந்து, மரப் பல்லிகளைப் பிடித்து உண்பது அதன் இயல்பு. கரும்பு வேளாண்மைக்காகவும் பிற தேவைகளுக்காகவும் தீவின் காடுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டன. நல்ல நிலையிலுள்ள இயற்கைக் காடு இன்று இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. 1900ஆம் ஆண்டில் எலிகளை ஒழிப்பதற்கெனக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கீரி, பறவைகளையும் வேட்டையாடத் தொடங்கியது. மரப் பொந்துகளில் இருந்த முட்டைகளைக் குரங்குகளும் எலிகளும் தின்றன.

இவற்றுடன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியும் சேர்ந்தது. மலேரியாவை ஒழிக்க அது பெருமளவில் தெளிக்கப்பட்டது. மக்களின் உயிரைக் காத்த அந்நடவடிக்கையின் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மருந்து எளிதில் சிதைவதில்லை. பூச்சியின் உடலில் சிறிதளவும், பூச்சிகளைத் தின்னும் பல்லியின் உடலில் அதனினும் மிகுதியாகவும், பல்லிகளைத் தின்னும் வல்லூறின் உடலில் பன்மடங்காகவும் அது சேர்கிறது. அதன் விளைவாக முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்துவிடுகிறது. தெளித்தவருக்குத் தெரியாத இச்செலவை உணவுச் சங்கிலியின் உச்சியிலிருந்த பறவை செலுத்த நேர்ந்தது.

1974ஆம் ஆண்டில் காட்டில் காணப்பட்ட மொரீஷியஸ் வல்லூறுகள் நான்கு மட்டுமே. அவற்றுள் முட்டையிடும் பெட்டை ஒன்றே ஒன்று. உலகின் மிக அரிய பறவை என அது பெயர் பெற்றது. இந்நிலையில் கடுமையான விவாதம் எழுந்தது. இயற்கைப் பாதுகாப்புக்குக் கிடைக்கும் பணம் வரம்புக்குட்பட்டது. ஏறக்குறைய இழந்துவிட்ட ஓர் இனத்துக்காக அதனைச் செலவிடுவதைவிட, பிழைக்கும் வாய்ப்பு மிகுந்த பல இனங்களுக்குப் பகிர்ந்தளிப்பதே அறிவுடைமை என்னும் வாதத்தைச் சூழலியல் அறிஞர் நார்மன் மையர்ஸ் 1979ஆம் ஆண்டில் முன்வைத்தார். பொருளியல் நோக்கில் அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. பற்றாக்குறையான வளத்தை எங்குப் பயன்படுத்துவது என்பது திட்டமிடும் எவரும் எதிர்கொள்ளும் வினாவே.

அதே 1979ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கார்ல் ஜோன்ஸ் என்னும் உயிரியலார் மொரீஷியஸ் வந்து பொறுப்பேற்றார். அவர் மேற்கொண்ட முறைகள் எளிமையானவை. பெட்டை இட்ட முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து அடைகாப்புக் கருவியில் வைத்தால், அது மீண்டும் ஓர் ஈடு இடும். இதனால் ஓராண்டின் பிறப்பு இரு மடங்காகிறது. காட்டிலுள்ள இணைகளுக்குக் கூடுதல் உணவு அளிக்கப்பட்டது. குரங்குகள் எளிதில் நுழைய இயலாத கூட்டுப் பெட்டிகள் அமைக்கப்பட்டன. கூடுகளின் அருகே கீரிகளும் பூனைகளும் பொறிவைத்துப் பிடிக்கப்பட்டன. கையால் வளர்க்கப்பட்ட குஞ்சுகள், பறக்கும் பருவத்தில் காட்டில் படிப்படியாக விடப்பட்டன. கேடு விளைவிக்கும் பூச்சிக்கொல்லியின் பயன்பாடும் இதற்குள் கைவிடப்பட்டிருந்தது.

1994ஆம் ஆண்டு வரை 333 பறவைகள் காட்டில் விடப்பட்டன. தீவின் கிழக்கிலுள்ள மலைகளிலும் இவ்வினம் மீண்டும் குடியேறியது. அதே ஆண்டில் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவும் ஏற்படுத்தப்பட்டது. நான்கு பறவைகளாக இருந்த இனம் சில நூறு பறவைகளாகப் பெருகியது.

ஆயினும் இவ்வெற்றியின் பிற்பகுதியையும் நோக்க வேண்டும். பறவைகளைப் பெருக்குவது இயன்றது; இழந்த காட்டைப் பெருக்குவது அவ்வளவு எளிதன்று. தகுந்த காடு மிகக் குறைவாக இருந்தமையால் எண்ணிக்கை மீண்டும் சரியத் தொடங்கியது. ஆபத்து குறைந்ததாகக் கருதப்பட்ட இவ்வினம் 2014ஆம் ஆண்டில் மீண்டும் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எஞ்சியவை அனைத்தும் ஒருசில பறவைகளின் வழித்தோன்றல்களே ஆதலால், மரபு வளமும் பெரிதும் குறைந்துவிட்டது. மீட்பு என்பது ஒருமுறை செலவிட்டு முடித்துவிடும் பணியன்று. ஆண்டுதோறும் தொடரும் கடமையாகும். மையர்ஸின் வாதம் வல்லூறைப் பற்றிய அளவில் தவறிவிட்டது. மீட்பின் விலை பெரிது என்று சொன்ன அளவில் அது தவறவில்லை.

சரக்கோடு வந்த பாம்பு

வந்த பின் மீட்பதற்கும் வருமுன் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவு தெளிவாக உணர்த்துகிறது. 541 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவு அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில், இராணுவச் சரக்குகளோடு பழுப்பு மரப்பாம்பு அங்கு வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதனை எவரும் வேண்டிக் கொண்டுவரவில்லை. வந்ததை எவரும் பதிவு செய்யவும் இல்லை. இரவில் மரமேறிக் கூடுகளைச் சூறையாடும் அப்பாம்பு, பறவைகளுக்கு முற்றிலும் புதிய எதிரியாக அமைந்தது.

காட்டுப் பறவைகள் தீவின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதி வரை வரிசையாக மறைந்தன. பூச்சிமருந்தோ நோயோ காரணமாகலாம் எனப் பல ஆண்டுகள் ஐயுற்ற பின்னர், 1980களில்தான் பாம்பே காரணம் என்பது ஆய்வில் நிறுவப்பட்டது. அதற்குள் தீவின் இயற்கையான காட்டுப் பறவை இனங்கள் பன்னிரண்டில் பத்து அங்கிருந்து மறைந்துவிட்டன. மின்கம்பங்களில் ஏறும் பாம்புகளால் மின்தடையும் அடிக்கடி ஏற்பட்டுப் பொருளாதார இழப்பு விளைந்தது. இன்று குவாமிலிருந்து வெளியேறும் சரக்குகள் மோப்ப நாய்களைக் கொண்டு சோதிக்கப்படுகின்றன. ஹவாய் போன்ற பிற தீவுகளுக்குப் பாம்பு பரவிவிடக்கூடாது என்பதே நோக்கம். குவாம் கானாங்கோழி கூண்டில் வளர்க்கப்பட்டுப் பாம்பில்லாத அண்டைத் தீவுகளில் விடப்பட்டது. குவாம் மீன்கொத்தி 1988 முதல் கூண்டுகளில் மட்டுமே வாழ்ந்து, 2024ஆம் ஆண்டில்தான் தொலைவிலுள்ள பால்மைரா தீவில் திறந்த வெளிக்கு விடப்பட்டது. தன் சொந்தத் தீவுக்குத் திரும்ப அதற்கு இன்னும் வழியில்லை. ஒரு துறைமுகத்தில் அன்று செய்திருக்கக்கூடிய சோதனையின் செலவையும், இப்பணிகள் அனைத்தின் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பெரிய படைத்தளமோ துறைமுகமோதான் இத்தகைய விளைவைத் தரும் என்பதும் இல்லை. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894ஆம் ஆண்டு ஒரு கலங்கரை விளக்கம் செயற்படத் தொடங்கியது. அங்குப் பணியாற்ற வந்த சில குடும்பங்களோடு பூனையும் வந்தது. பறக்க இயலாத சிறு பறவை இனமான ஸ்டீபன்ஸ் தீவு ரென், அறிவியல் உலகம் அறிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அழிந்துவிட்டது. கலங்கரை விளக்கம் தேவையான ஒன்றே. அதனுடன் பூனையும் வர வேண்டியிருக்கவில்லை.

இந்தியத் தீவுகளின் செல்வம்

அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டம் 8,249 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சிறிதும் பெரிதுமாக 836 தீவுகளும் பாறைகளும் கொண்ட இப்பகுதியில் மக்கள் வாழ்பவை 31 மட்டுமே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 இலட்சம். நிலப்பரப்பில் பெரும்பகுதி இன்றும் காடாகவே உள்ளது. மொரீஷியஸ் இழந்துவிட்டதை இத்தீவுகள் இன்னும் இழக்கவில்லை என்பதே இதன் பொருள்.

வேறெங்கும் காண இயலாத இரைகொல்லிப் பறவைகள் பல இங்கு வாழ்கின்றன. அந்தமான் பாம்புக் கழுகு, நிக்கோபார் வைரி, அந்தமான் கூகை ஆகியவை அவற்றுள் சில. பெரிய நிக்கோபார் பாம்புக் கழுகு, பெரிய நிக்கோபாரையும் அதனையடுத்த சிறு தீவுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமே உள்ள இது, உலகின் மிகச் சிறிய கழுகுகளுள் ஒன்றாகும். நிக்கோபார் சிற்றாந்தை தனி இனம் என்று அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டதே 1998ஆம் ஆண்டில்தான். இப்பறவைகளின் எண்ணிக்கை, உணவு, இனப்பெருக்கம் பற்றிய ஆய்வுகள் இன்னும் மிகக் குறைவு.

வட அந்தமானுக்குக் கிழக்கே, தனித்து நிற்கும் எரிமலைத் தீவு நார்கொண்டம். அதன் பரப்பு ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நார்கொண்டம் இருவாய்ச்சி இச்சிறு தீவில் மட்டுமே வாழ்கிறது. பெரிய மரத்தின் பொந்தினுள் பெட்டை தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, சேவல் பழங்களைக் கொணர்ந்து ஊட்டுகிறது. முதிர்ந்த மரங்கள் இல்லையேல் இவ்வினம் இல்லை. 1960களின் இறுதியில் அங்கு ஒரு புறக்காவல் நிலையம் அமைக்கப்பட்டது. உணவுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட சில ஆடுகள் காட்டில் பெருகின. ஆடுகள் பறவையைத் தொடுவதில்லை, மரக்கன்றுகளையே மேய்கின்றன. ஆகையால் அவற்றால் விளையும் கேடு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. முதிர்ந்த மரங்கள் சாயும் காலத்தில் அவற்றின் இடத்தைப் பிடிக்க இளமரங்கள் இராது என்பதே அக்கேடு. தீவு 1977ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆடுகள் பின்னர் அகற்றப்பட்டன. உரிய காலத்தில் எடுத்த சிறு நடவடிக்கை பெரும் பயன் தந்தமைக்கு இது சான்றாகும். அங்கு ரேடார் நிலையம் அமைக்கும் திட்டம் 2012ஆம் ஆண்டில் மறுக்கப்பட்டு, 2014ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. நாட்டின் பாதுகாப்புத் தேவையும் ஓர் இனத்தின் ஒரே வாழிடமும் ஏழு சதுர கிலோமீட்டருக்குள் சந்திக்கும்போது, முடிவு எதுவாயினும் அதனை நிறைவேற்றும் முறையில்தான் இனத்தின் எதிர்காலம் அடங்கியுள்ளது.

அயலினங்கள் அந்தமானுக்குப் புதியவை அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட புள்ளிமான்கள் இன்று பல தீவுகளில் பரவிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்கின்றன. 1960களின் தொடக்கத்தில் தொழில் நொடித்த மரவணிக நிறுவனம் ஒன்று, மரமிழுக்கும் யானைகளை இன்டர்வியூ தீவில் விட்டுச் சென்றது. ஆப்பிரிக்க நத்தையும் மைனாவும் மனிதர் வழியாகவே வந்தவை. வந்தவற்றை மீண்டும் வெளியேற்றுவது எளிதாக இருக்கவில்லை.

கடற்கரையும் துறைமுகமும்

நிக்கோபார் மெகாபோடு கோழியையொத்த ஓர் அரிய பறவை. அது அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் சருகையும் குவித்துப் பெரிய மேடு எழுப்பி, அதனுள் முட்டைகளைப் புதைக்கிறது. சருகு மட்கும்போது எழும் வெப்பமே முட்டைகளைப் பொரிக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரக் காடுகளை அடித்துச் சென்றது. பின்னர் நடந்த கணக்கெடுப்பில், கரையோரத்தில் வாழ்ந்த இணைகள் பத்தாண்டுகளுக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தது தெரியவந்தது. ஒரே நாளின் நிகழ்ச்சி ஒரு தீவினத்தை எவ்வளவு தூரம் பின்தள்ளக்கூடும் என்பதற்கு இது நம் நாட்டுச் சான்றாகும்.

ஏறத்தாழ 910 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரிய நிக்கோபார், மலாக்கா நீரிணை வழியாகச் செல்லும் உலகக் கப்பல் பாதைக்கு மிக அருகில் உள்ளது. அங்குச் சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் ஆகியவற்றை உள்ளடக்கிய திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலம் இதற்கென மாற்றப்படுவதாகும். துறைமுகம் அமையவுள்ள கலாத்தியா விரிகுடாவின் சரணாலய அறிவிப்பு 2021ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது. மெகாபோடுக்கென மென்சால் தீவு 2022ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. திட்டத்தின் வணிக, பாதுகாப்பு முக்கியத்துவம் ஒருபுறமும், பழங்குடி மக்கள், காடு, வனவிலங்கு ஆகியவற்றின் நலன் மறுபுறமுமாக விவாதங்கள் எழுந்துள்ளன.

இவ்விவாதங்களில் பெரிதும் பேசப்படுவது நிலத்தின் அளவேயாகும். எத்தனை ஹெக்டேர் காடு, எத்தனை மரங்கள், ஈடாக எங்கு மரம் நடுவது என்பவை கோப்புகளில் இடம்பெறுகின்றன. இவை முக்கியமானவையே. ஆனால் தீவுப் பறவைகளின் வரலாறு மற்றொன்றையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. குவாம் தீவின் பறவைகள் காடு நின்றுகொண்டிருக்கும்போதே அழிந்தன. அழிவு வந்தது சரக்கின் வழியாக. ஒரு புதிய துறைமுகம் ஆண்டு முழுவதும் பெட்டகங்களையும் கட்டுமானப் பொருள்களையும் தீவில் இறக்கும். அவற்றோடு எலியோ பாம்போ இறங்கினால், திட்டத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள தேசியப் பூங்காக்களின் வேலிகள் அவற்றைத் தடுத்து நிறுத்தப் போவதில்லை. குடியேறும் மக்களோடு வரும் நாய்களும் பூனைகளும் தரையில் மேடு கட்டும் மெகாபோடுக்கு நேரடிப் பகையாகும்.

செய்ய வேண்டியவை

உலக அனுபவத்திலிருந்து சில நடைமுறைக் கொள்கைகளைப் பெறலாம். முதலாவதாக, தீவுகளுக்குச் செல்லும் சரக்கு, அது புறப்படும் துறைமுகத்திலேயே சோதிக்கப்பட வேண்டும். வந்திறங்கும் இடத்திலும் மறுபடி சோதிக்கப்பட வேண்டும். சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்தே அந்தமானுக்கான கப்பல்கள் பெரிதும் புறப்படுவதால், அத்துறைமுகங்களின் அலுவலர்களுக்கும் இப்பொறுப்பு உண்டு. இரண்டாவதாக, கலங்கரை விளக்கம், காவல் நிலையம், ரேடார் நிலையம் போன்ற சிறு அமைப்புகளில் பணிபுரிவோர் வளர்ப்பு விலங்குகளைக் கொண்டுசெல்லாமலிருப்பதற்கான விதி கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஏதுமில்லை.

மூன்றாவதாக, எண்ணிக்கை முறையாகக் கணக்கிடப்பட வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே முறையில் எடுக்கப்படும் கணக்கெடுப்பு இருந்தால்தான் சரிவு தொடங்கும்போதே தெரியவரும். பாம்புக் கழுகுகள், ஆந்தைகள் போன்ற அடர்காட்டு இரைகொல்லிகளைப் பொறுத்தவரை இது மிகவும் அவசரமான பணி. காடு முழுவதையும் நம்பி வாழும் அவற்றின் நிலை, காட்டின் நிலையைக் காட்டும் அளவுகோலாகவும் அமையும். நான்காவதாக, வந்துவிட்ட அயலினங்களை அகற்றும் முயற்சி சிறிய தீவுகளிலிருந்து தொடங்கப்படலாம். நியூசிலாந்து 2001ஆம் ஆண்டில் 113 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காம்ப்பெல் தீவிலிருந்து எலிகளை முற்றிலும் ஒழித்தது. அத்தீவுக்கே உரிய வாத்தினம் மூன்றாண்டுகளில் அங்கு மீண்டும் விடப்பட்டது. இது இயலாத பணியன்று என்பதை உலகம் கண்டுள்ளது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் நிக்கோபார் மெகாபோடு, நார்கொண்டம் இருவாய்ச்சி ஆகியவற்றுக்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளிக்கிறது. சட்டம் வேட்டைக்காரரைத் தண்டிக்க முடியும்; சரக்குப் பெட்டகத்தில் ஒளிந்து வரும் எலியைத் தண்டிக்க முடியாது. அதனைத் தடுப்பது துறைமுக அலுவலர், வனத்துறையினர், கப்பல் நிறுவனத்தார், தீவில் குடியேறுவோர் ஆகிய அனைவரின் அன்றாட விழிப்பைப் பொறுத்தது.

மொரீஷியஸ் வல்லூறைக் காப்பதற்கு நான்கு பறவைகள் எஞ்சும் வரை உலகம் காத்திருந்தது. அதன் விலையை அந்நாடு இன்றும் செலுத்தி வருகிறது. இந்தியத் தீவுகளில் காடு இன்னும் நிற்கிறது; கழுகுகளும் ஆந்தைகளும் இன்னும் வாழ்கின்றன. குறைந்த செலவில் காக்கக்கூடிய காலம் இதுவேயாகும். வளர்ச்சித் திட்டங்களின் மதிப்பீட்டுப் பட்டியலில் இக்காவலின் சிறு செலவும் முதல் நாளிலிருந்தே ஓர் இனமாக இடம்பெறுமாயின், பின்னொரு நாளில் மீட்பின் பெருஞ்செலவைத் தேடி அலைய வேண்டிய நிலை நம் நாட்டுக்கு ஏற்படாது.